பொட்டு வைத்த பவர் சப்ளை

மதுசா, அபிசா... இந்தக் கிழமை முதலில் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். இந்தப் பத்தியை வாசிக்கிற மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளலாம். நம் வீட்டுச் சண்டையைப் பேப்பரில் போடுகிறாரே அப்பா என்று மதுசாவுக்குக் கோபம் வரும். வரட்டும். இதை நேரில் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்துப் பார்த்தேன். இரண்டு தரமும் ‘தேத்தண்ணி இருக்கா மகள்?’ என்றுதான் வந்தது. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்கு: நான் கல்முனை–மட்டக்களப்பு றோட்டில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். வீடு செட்டிபாளையத்தில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் நாங்களும் எங்கள் கொம்பியூட்டரும். மதுசா சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்தவள். அபிசா பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு.

அந்தக் கொம்பியூட்டர் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பாவித்துவிட்டுத் தந்தது. தந்த கொஞ்ச நாளில் அதன் பவர் சப்ளை செத்துப்போனது. பவர் சப்ளை என்றால், சுவரில் இருந்து வருகிற கரண்டை வாங்கிக் கொம்பியூட்டருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. கடையில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவு இருக்கும். டவுனில் ஒரு கடையில் புதிது வாங்கினேன். ஒரு வருட வொரண்டி.

வாங்கிய நாள் எது? சரஸ்வதி பூசைக்கு முதல் நாள். கவனித்துக்கொள்ளுங்கள்... வினை அங்கேதான் ஏறியது, முன் சீட்டில்.

நான் பஸ்காரன். ஆயுத பூசையன்று எங்கள் பஸ்ஸில் பொட்டு வைக்காத இடம் இருக்காது. ஸ்டியரிங், கண்ணாடி, டயர், டிக்கட் மெஷின். ஒரு வருடம் ட்ரைவர் மணியண்ணனுக்கே ஹெல்பர்மார் பொட்டு வைத்துவிட்டார்கள், அவரும் வண்டியில் ஒரு பாகம்தானே என்று. அப்படிப்பட்ட நான், புதுப் பவர் சப்ளையைச் சும்மா விடுவேனா? சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நீளமாக மூன்று கோடு இழுத்தேன். சந்தனம் வைக்க இடம் தேடினால், நடுவிலே, நெற்றியில் இருப்பது போல, வட்டமாக ஒரு குட்டி ஸ்டிக்கர். பொட்டு வைக்கவென்றே கொம்பனிக்காரன் விட்டு வைத்த இடம் மாதிரி! சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

மதுசா பக்கத்தில்தான் நின்றாள்.

“அப்பா, அது வொரண்டி ஸ்டிக்கர். அதுக்கு மேல வைக்காதீங்க.”

“சாமி காரியத்தில வொரண்டி கதை கதைக்காத, மகள்.”

இது நான். அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

மறுநாள் அவள்தான், ஸ்குரூ கழற்றுகிற கழற்றாணியை எடுத்து அதைப் பூட்டினாள். நான் டோர்ச் பிடித்தேன். டோர்ச்சையும் பிழையான பக்கம் பிடித்தேன் என்று பேச்சு வாங்கினேன். கொம்பியூட்டர் ஓடியது. நான் என் பங்குக்கு இன்னொரு நல்ல காரியமும் செய்தேன். கடைக்காரர் தந்த பில்லை, ஒரு வருடம் பத்திரமாக இருக்க வேண்டுமே என்று, களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் கொடுத்து லெமினேட் பண்ணினேன். மெஷினுக்குள் வெள்ளையாகப் போன பில், கறுப்பாக வெளியே வந்தது. நாலு மூலையும் நேராக, பளபளவென்று, முழுக் கறுப்பு. சாய்த்துப் பிடித்தால் கடைப் பெயர் தெரிகிற மாதிரி இருந்தது. போதும் என்று அலுமாரிக்குள் வைத்தேன்.

ஐந்து மாதம் போனது.

ஒரு நாள் பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறேன். மதுசா நிலத்தில் இருக்கிறாள். கொம்பியூட்டரின் பக்கத் தகடு கழன்று கிடக்கிறது. கையில் கழற்றாணி. மடியில் அம்மாவின் பழைய பவுடர் பிரஷ்.

“என்ன செய்தாய்?”

“நான் ஒண்டும் செய்யல்லப்பா. காலையில இருந்து ஓன் பண்ண வருதில்ல. அதான் கழட்டிப் பார்க்கிறன்.”

“அப்ப இந்தப் பிரஷ்?”

“அது மாசத்துக்கு ஒருக்கா தூசு துடைக்கிற.”

“கழட்டிக் கழட்டித்தான் கெடுத்து வைச்சிருக்காய்!”

பஸ்ஸில் ஐம்பது பேருக்குக் கேட்க வேண்டிய குரலை எட்டடி அறைக்குள் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அத்தோடு நிறுத்தினேனா? சுவரில் கலண்டர் ஆணியில் ஒரு தாள் தொங்கியது. உயர்தரத்துக்கு என்ன பிரிவு என்று நிரப்பிப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டிய படிவம். தொழில்நுட்பம் என்று மதுசா எழுதி வைத்திருந்தாள். பெற்றார் கையெழுத்து மட்டும் பாக்கி. அதைக் காட்டிச் சொன்னேன்.

“உனக்கு இது சரிவராது. டெக் எடுக்கிற கதையை விடு. கொமர்ஸ் எடு. நான் இதில கையெழுத்து வைக்க மாட்டன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்து முடித்திருப்பேன். தகட்டை எடுத்துப் பூட்டினாள். ஒவ்வொரு ஆணியாக, நிதானமாக. கடைசி ஆணி இறுகும் வரைக்கும் நான் நின்றுகொண்டிருந்தேன்... எனக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கே தெரியாமல்.

அதன்பிறகு நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை. இடையில் அபிசாதான் சேர்விஸ்.

“அப்பா, அக்கா உங்களைச் சாப்பிட வரட்டாம். ஆனா அவ உங்களோட கதைக்கல்லயாம்.”

“சரி, வாறன் எண்டு சொல்லு.”

“நீங்களும் அவவோட கதைக்கல்லயா, இல்லாட்டி அவ மட்டுந்தானா?”

படிவம் கொடுக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அது ஆணியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

வொரண்டி இருக்கிறதே, கொண்டுபோய்க் கொடுப்போம் என்று ஒரு லீவு நாளில் வெளிக்கிட்டேன். பவர் சப்ளையை மதுசாதான் கழற்றித் தந்தாள். நான் துவாயில் சுற்றினேன். அப்போது என் மனைவி யோகா வாசலை மறித்தாள்.

“பூட்டினவளையும் கூட்டிக்கொண்டு போங்க. கடைக்காரன் ஏதும் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க எண்டா?”

இந்த வீட்டில் என் தொழிலுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தீர்களா?

பஸ்ஸில் என் மடியில் துவாய் மூட்டை. மதுசா யன்னல் பக்கம், றோட்டைப் பார்த்தபடி. அந்த பஸ் கண்டக்டர் என் கூட்டாளி. “என்ன அண்ண, பிள்ளையைப் பொத்திப் பிடிச்ச மாதிரி இருக்கு? சுகமில்லயா?” என்றான். “ஓம், மூச்சு இல்ல” என்றேன். பஸ்ஸே சிரித்தது. மதுசா சிரிக்கவில்லை. கல்லடிப் பாலம் வந்தது, வாவிக் காற்று வந்தது. அதற்கும் அவள் திரும்பவில்லை.

கடைக்காரர் பெயர் ரிஸ்வான். காத்தான்குடி ஆள், என்னைவிட வயது குறைவு. மேசை முழுக்க வயரும் ஆணியும்.

“பில் இரிக்கா அண்ணன்?”

இருக்காதா? பெருமையாக எடுத்து மேசையில் வைத்தேன். ரிஸ்வான் கையில் எடுத்தார். திருப்பினார். லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இது என்ன அண்ணன், எக்ஸ்ரேயா?”

அப்போதுதான் எனக்குச் சொல்லித் தந்தார். இந்த மாதிரி பில் மையால் அடிக்கிறதில்லை, சூட்டால் அடிக்கிறது. சூடு பட்டால் தாள் கறுக்கும். நான் அதைக் கொண்டுபோய் லெமினேட் மெஷின் சூட்டுக்குள் விட்டிருக்கிறேன். எங்கள் பஸ் டிக்கட்டும் அதே தாள்தான் பிள்ளைகளே. பத்து வருடமாக ஒரு நாளைக்குச் சில நூறு கிழிக்கிறேன். தெரிந்ததா?

“பரவால்ல. ஸ்டிக்கர் இரிக்கும்தானே. அதில மாசமும் வருசமும் நாங்க போட்டிரிப்பம்.”

துவாயை விரித்தார். பவர் சப்ளையைப் புரட்டினார். கை நின்றுவிட்டது. குனிந்து பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

“அண்ணன்... இதில மாசத்தைக் காணல்ல. குங்குமம்தான் இரிக்கி.”

நான் சுவரில் இருந்த மவுஸ்களை எண்ணத் தொடங்கினேன்.

“இது கொழும்புக்குக் கொம்பனிக்குப் போற சாமான். அவன் பார்த்தா என்ன சொல்லுவான் தெரியுமா? ஈரம் பட்டிரிக்கி, வொரண்டி இல்ல எண்டு அப்படியே திருப்பி விட்டிருவான். உள்ளுக்கு என்ன பழுது எண்டு பார்க்கவும் மாட்டான். ஆர் அண்ணன் இதைப் பூசின?”

பிள்ளைகளே, இந்தப் பக்கத்தில் எத்தனை கிழமை உங்களுக்கு எழுதியிருப்பேன், உண்மை சொல்லுங்கள், உண்மை சொல்லுங்கள் என்று? கேள்வி வந்தவுடன் என் வாயில் இருந்து என்ன வந்தது தெரியுமா?

“புள்ளைகள்தான் தம்பி... பூசைக்கு வைச்சிருக்குதுகள். அதுகளுக்கு என்ன தெரியும்?”

புள்ளைகளில் ஒன்று என் தோளோடு நிற்கிறது.

ரிஸ்வான் மதுசாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ‘இல்லை அங்கிள், அப்பாதான்’ என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. தடுத்தவளே அவள்தான். நாலு நாள் கோபமும் கையில் இருந்தது.

“ஓம் அங்கிள். நான்தான் வைச்சன்” என்றாள்.

பஸ்ஸில் சிலநேரம் இப்படி நடக்கும். ஒருவர் டிக்கட் இல்லாமல் பிடிபட்டு முழிப்பார். பின் சீட்டில் இருந்து யாரோ ஒரு பிள்ளை எழும்பி, ‘அவருக்கும் சேர்த்துத் தாங்க’ என்று காசை நீட்டும். அப்படி முழிக்கிற ஆட்களின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரிஸ்வான் நல்ல மனிசன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ ஓடுகிறது என்று விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டார்.

“எங்கட உம்மாவும் புதுசா எது வாங்கினாலும் ஓதி ஊதுவாங்க. ஆனா ஊதினா ஸ்டிக்கருக்கு ஒண்டும் ஆகாது பாருங்க. நீங்க எல்லாம் குழைச்சுப் பூசுறீங்க. அங்கதான் எங்களுக்குச் சிக்கல்.”

திருநீறு கரைந்தது. அதற்குக் கீழே இருந்து நீளமாக ஒரு நம்பர் எழும்பி வந்தது. அதைக் கடைக் கொம்பியூட்டரில் தட்டினார். வாங்கிய நாள் வந்தது, என் பெயரும் வந்தது. வட்ட ஸ்டிக்கர் மட்டும் சிவப்பாகவே இருந்தது. பிறகு கரண்ட் கொடுத்து, ஒரு துண்டு வயரைக் குத்திப் பார்த்தார். காற்றாடி சுற்றவில்லை. போன் டோர்ச்சை அடித்து, ஓட்டைகளுக்குள்ளால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ம்... இந்தா, கப்பாசிட்டர் ரெண்டு ஊதிப் போய் இரிக்கி. இது செய்த இடத்துப் பிழை. இந்த லொட்டில இன்னும் ரெண்டு மூண்டு வந்தது.” பிறகு திரும்பவும் எட்டிப் பார்த்தார். “ஆனா அண்ணன், உள்ளுக்குத் தூசே இல்லயே? இஞ்ச வாறதெல்லாம் கோழிக்கூடு மாதிரித்தான் வரும். ஆர் துடைக்கிற?”

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“மகள்தான். மாசத்துக்கு ஒருக்கா.”

“கழட்டியா?”

“கழட்டித்தான்.”

“அப்படித்தான் செய்யோணும். கடைக்கு வாற ஆக்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் நோகுது, ஒருத்தரும் செய்றல்ல. மகள் என்ன படிக்கிற?”

இதற்கும் பதில் என்னிடம்தான் இருந்தது. ஆணியில் தொங்கிக்கொண்டு.

ரிஸ்வான் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் போட்டார். ஸ்டிக்கர் எப்படி மறைந்தது, யார் செய்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால், சாமானோடு சேர்த்து அனுப்பிக் கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். மதுசா பேனைக்குக் கையை நீட்டினாள். சொன்ன பொய்யை எழுத்திலும் கொடுக்கத் தயாராக!

அந்தப் பேனையை நான் பறித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்தப் பத்தியையே ஆசிரியர் திருத்தித்தான் போடுகிறார். அன்று ஒருவரும் திருத்தாமல் எழுதினேன்: ‘மேற்படி பவர் சப்ளைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். திருநீறும் நான். வைக்க வேண்டாம் என்று மகள் சொன்னா. நான் கேட்கவில்லை. மகள் துடைத்தது தூசு மட்டும். இப்படிக்கு, தகப்பன்.’

ரிஸ்வான் அதை எடுத்துச் சத்தமாக வாசித்தார். கடையில் மவுஸ் வாங்க நின்ற இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். எனக்குக் காது சுட்டது. மதுசா மேசையில் கிடந்த ஆணிகளை விரலால் ஒரு வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கீழ பேரைப் போடுங்க அண்ணன். தகப்பன் எண்டா கொழும்பில ஆர் எண்டு தெரியும்?”

போட்டேன்.

திரும்பி வருகிற பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது. தாண்டியதும், யன்னல் பக்கம் பார்த்தபடியே ஒரு குரல்.

“அடுத்த பூசைக்கு மதர்போர்டுக்கு மாலை போடுவமாப்பா?”

“போடலாம் மகள். பூவில ஈரம் இல்லாமப் பார்த்துப் போடலாம்.”

நாலு நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு, கேலியாகத்தான் வந்தது. அதுவும் எனக்குத் தேவைக்கு மேல்.

கொம்பனி ஒத்துக்கொண்டது. இரண்டு கிழமையில் புதுசு வந்தது. ரிஸ்வான் பெட்டியின் மேல் தடித்த மார்க்கரால் எழுதி விட்டிருந்தார்: ‘ஊதலாம். பூசக் கூடாது.’ அபிசா அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டாளாம். பென்சில் போட்டு வைத்திருக்கிறாள்.

யோகா கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “பொட்டு வைச்ச பஸ் றோட்டில நிண்டதே இல்லயா? அண்டைக்கு மட்டும் ஹெல்பரை ஏசாம மெக்கானிக்கைத்தானே கூப்பிடுறீங்க?”

பிள்ளைகளே, பொட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் வைப்பேன். என் கை சும்மா இருக்காது. ஆனால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாமானைக் கும்பிடுகிறோம், துடைப்பதில்லை. பில்லைப் பத்திரப்படுத்துகிறோம், வாசிப்பதில்லை. துடைக்கிற ஒரு ஆள் வீட்டில் இருந்தால், பழுதானவுடன் முதலில் அந்த ஆளைத்தான் பிடிக்கிறோம்... ஏனென்றால் கையில் கழற்றாணியோடு நிற்பது அவர்தானே! ஒன்றையும் தொடாதவர் மேல் பழி வருவதே இல்லை. அவர் கதிரையில் இருந்து பேசலாம். நான் பேசினேன்.

மதுசா, இனி உனக்கு மட்டும்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனீர்களே, எனக்குக் கால் உளைகிறது என்று நான் நின்றுவிட்டேன். காலில் ஒன்றும் இல்லை. கலண்டர் ஆணியில் இருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ‘தொழில்நுட்பம்’ என்ற சொல்லை ஒரு தரம் விரல் வைத்து வாசித்தேன். கையெழுத்து வைத்தேன். லெமினேட் பண்ணக் கொண்டுபோகவில்லை.

பிறகு கை சும்மா இருக்கவில்லை. சாமித் தட்டில் கொஞ்சம் சந்தனம் காயாமல் இருந்தது. உன் கழற்றாணியை எடுத்து, அதன் பிடியில் ஒரு பொட்டு வைத்தேன். படிவம் காற்றில் பறக்காமல் இருக்க அதையே மேலே வைத்தேன்.

பயப்படாதே. பிடியில் ஸ்டிக்கர் ஒன்றும் இல்லை. சுற்றித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.